கட்டுமரத்தில் ஒரு கண்

"கடற்கரையில் பிறந்தவள் கடலைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" என்று ஆண்டு மலர்ப் பொறுப்பாசிரியர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு எப்படிச் சொல்வது? கடற்கரையில் பிறந்த எனக்குக் கரை மட்டுமே தெரியும். எங்கள் ஊரில் பெண்கள் மரத்தில் ஏறுவதில்லை. வலை பின்னுவோம், மீன் காய வைப்போம், கூடை சுமந்து சந்தைக்குப் போவோம். ஆனால் முழங்கால் அளவு நீருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது, மலையூரில் பிறந்த என் விடுதித் தோழிக்கு எவ்வளவு தெரியுமோ, எனக்கும் அவ்வளவே தெரியும்.

என் தாத்தாவுக்கு ஒரு கட்டுமரம் உண்டு. நாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள எங்கள் சிற்றூரில், இன்றும் பாய் விரித்துப் போகும் மரம் அது ஒன்றுதான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப் பேரலையில் ஊரின் மரங்கள் பெரும்பாலும் போயின. பின்னர் உதவியாக வந்தவை எஞ்சின் வைத்த பைபர் படகுகள். என் தந்தையும் அப்படியொரு படகில்தான் போகிறார். தாத்தா மட்டும் பிடிவாதமாகக் கட்டைகளை வாங்கிச் செதுக்கி, மறுபடியும் ஓராள் மரம் ஒன்றைக் கட்டிக்கொண்டார். நான் பிறப்பதற்கு முன் நடந்த இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. "எழுபது வயசுக்கு மேல ஒத்தையா எதுக்குப் போவணும்?" என்பது அப்பாவின் கட்சி. "உன் எஞ்சின் நின்னா நீ நிப்ப. என் காத்து நின்னா நான் துடுப்பு போடுவேன்" என்பது தாத்தாவின் கட்சி.

சென்ற ஆண்டு எங்கள் விலங்கியல் துறையில் கள ஆய்வு ஒன்று தரப்பட்டது. வட்டார மீன்பிடி முறைகளைப் பார்த்து எழுத வேண்டும். பாய்மரம் கடலில் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதை எழுதுகிறேன் என்று நான் முந்திக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டேன். பெயர் கொடுத்த பிறகுதான், நான் அதைப் பார்க்கவே முடியாது என்பது நினைவுக்கு வந்தது. வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் திருமண வீடுகளில் படம் எடுப்பவர். அவரிடம் தீப்பெட்டி இரண்டை அடுக்கினாற்போன்ற ஓர் ஆக்‌ஷன் காமிரா இருந்தது. நீர் புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் அமர்ந்திருக்கும் அதை இரவல் வாங்கி வந்தேன். நான் போக முடியாத இடத்துக்கு என் கண் போகட்டும் என்பது என் எண்ணம்.

கட்டுமரத்தில் காமிராவைப் பொருத்துவது எப்படி என்று இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினேன். கேட்டமரன் என்று எழுதியதும் கணக்கில்லாத படங்கள் வந்தன. எல்லாம் வெள்ளை வெளேரென்று இரட்டை உடல் கொண்ட விளையாட்டுப் படகுகள்! நம் கோரமண்டல் கரையில் கண்ட மரங்களை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில் எழுதி, நம் சொல்லை அங்கே கொண்டு சேர்த்தார். பின்னாளில் 1876இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் ஹெரஷாஃப் இரட்டை உடல் படகு கட்டி ஓட்டினார். 1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர், மணலிலிருந்தே தள்ளிச் செல்லக்கூடிய சிறிய வகை ஒன்றைச் செய்து பரப்பினார். அவற்றின் அமைப்பு பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிகளுக்கு உறவு. பெயர் மட்டும் நம்முடையது. பெயரைக் கொடுத்துவிட்டு நாம் கரையில் நிற்கிறோம் என்று அன்று இரவு சற்றுக் கோபம்கூட வந்தது.

அந்தப் படகுகளில் அலுமினியக் குழாய்கள் உண்டு. குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கியை மாட்டித் திருகினால் வேலை முடிந்தது. வழவழப்பான உடலில் ஒட்டுப் பட்டையும் பிடிக்கும். எங்கள் மரத்திலோ குழாயும் இல்லை, வழவழப்பும் இல்லை. உப்பும் மணலும் ஊறிய கட்டைகள், குறுக்குக் கட்டை, கயிறு, ஒரு பாய், ஒரு துடுப்பு, இவ்வளவுதான். ஓர் ஆணிகூடக் கிடையாது. இரண்டு திருகாணி அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆணி அடிச்ச எடத்துல தண்ணி குடிக்கும் பாப்பா. கட்டுமரம்னா கட்டுறது" என்றார்.

முதல் நாள் ஒட்டுப் பட்டையால் ஒட்டினேன். அது உலர்ந்த, சமமான பரப்பில் மட்டுமே பிடிக்கும் என்று உறையில் எழுதியிருந்ததைப் படித்தும் ஒட்டினேன். கரையலை தாண்டும் முன்பே அது கழன்றது. முன்னெச்சரிக்கையாகத் தூண்டில் நரம்பால் ஒரு காப்புக் கயிறு கட்டியிருந்ததால், காமிரா மரத்தின் பக்கவாட்டில் மீன்போலத் தொங்கிக்கொண்டு ஊர் போய் வந்தது. அன்றைய படங்கள் அனைத்தும் பச்சைத் தண்ணீர்.

இரண்டாம் நாள் கிடுக்கியை வாங்கி வந்து பாய்மரத்தில் மாட்டினேன். பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது கிடுக்கியும் சுற்றிக்கொண்டது. வானம், வானம், பாயின் தையல், மறுபடி வானம்! போதாக்குறைக்குக் கண்ணாடியில் உப்புநீர்ச் சொட்டு ஒன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தது. புறப்படும் முன் கண்ணாடியை நாவால் ஈரப்படுத்திவிட்டால் நீர் சொட்டாக நிற்காமல் வழிந்துவிடும் என்று திருமணப் படக்காரர் சொல்லித் தந்தார். காமிராவை நக்கிக்கொண்டு நான் கடற்கரையில் நின்றதைக் கண்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் என் படிப்பைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கூட்டுக்குள் ஆவி படிந்து வெளுத்ததற்கு, மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று மருந்தாயிற்று.

மூன்றாம் நாள் தாத்தா பொறுமை இழந்து காமிராவைத் தாமே கையில் வாங்கிக்கொண்டார். பழைய வலை மிதப்புக் கட்டை ஒன்றை எடுத்து, உள்ளங்கை அளவுக்குச் செதுக்கினார். காமிராவின் அடித்தகட்டை அதன்மேல் வைத்து மெல்லிய நூலால் வரிந்து கட்டினார். தானே தளரும் திருகின்மேல் சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றினார். பிறகு அந்தக் கட்டையை முன்புறக் குறுக்குக் கட்டையோடு சேர்த்துக் கயிற்றால் மேலும் கீழுமாகச் சுற்றி, நடுவில் குறுக்கே இறுக்கி முடிச்சிட்டார். நான் கயிற்றை நனைக்கப் போனேன். "காஞ்ச கயித்தால கட்டு. மிச்சத்தக் கடல் இறுக்கிக்கும்" என்றார். இரும்புக் கிடுக்கி ஏன் தோற்றது என்பது எனக்கு அப்போது புரிந்தது. அலையில் மரத்தின் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியே சற்று அசைகிறது. விறைத்து நிற்பது எதுவோ அது கழல்கிறது. கட்டிய கயிறு கட்டையோடு சேர்ந்து அசைகிறது.

காமிராவின் முகம் பின்னோக்கி இருந்தது, துடுப்புப் பிடிக்கும் தாத்தாவும் பாயும் ஒருங்கே தெரியும்படி. மின்கலம் நெடுநேரம் தாங்காது. ஆகையால் ஓடும் படமாக எடுக்காமல் 5 விநாடிக்கு ஒரு நிழற்படம் என்று வைத்தேன். "வரும்போது இந்தப் பித்தானை ஒரு தடவை அமுக்குங்க, போதும்" என்று பாடம் நடத்தினேன். விடியலில் கரையிலிருந்து வீசும் காற்று மரத்தை வெளியே கொண்டு போகும். வெயில் ஏறியபின் எழும் கடற்காற்று திரும்பக் கொண்டு வரும். விசைப்படகுகளுக்குத் தடையுள்ள 61 நாட்கள் அவை. ஏப்ரல் 15இல் தொடங்கும் தடை எஞ்சின் இல்லாத மரத்துக்குக் கிடையாது. கடல் காலியாக இருந்தது.

அன்று 1,080 படங்கள் வந்தன. மாலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஆகா, நான் கேட்டது அத்தனையும் இருந்தது. ஒரு கையில் துடுப்பு, மறுகையில் பாய்க்கயிறு, காற்று மிகும்போது உடம்பு சாயும் சாய்வு, கட்டைகளின் இடுக்கில் ஏறி அவ்வழியே இறங்கும் நீர். என் ஆய்வு முடிந்துவிட்டது என்று துள்ளினேன்.

அறுநூறு படங்களைத் தாண்டியபோது ஒரு படத்தில் தாத்தா இல்லை.

அடுத்த படத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மரம் காற்றின் பக்கம் திரும்பியிருந்தது, பாய் சுருங்கிக் கிடந்தது. பாய்க்கயிறு மட்டும் மரத்தின் விளிம்பைத் தாண்டி விறைப்பாக நீருக்குள் போயிற்று. பதினோராவது படத்தில் விளிம்பின்மேல் நான்கு விரல்கள். பதினான்காவதில் விரல்களும் இல்லை. பதினெட்டாவது படத்தில் அவர் கட்டைகளின்மேல் குப்புறப் படுத்திருந்தார். 17 படங்கள். ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன், 85 விநாடி. அந்த 85 விநாடியில் நான் கரையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் வந்து மரத்தை இழுத்தபோது "இன்னைக்கு ஒண்ணும் பெருசா படல" என்று மீனைப் பற்றித்தான் சொன்னார்.

செல்பேசியை அவரிடம் நீட்டினேன். கண்ணருகே வைத்து நிதானமாகத் தள்ளிப் பார்த்தார். தாம் இல்லாத படங்களில்தான் அவர் அதிக நேரம் நின்றார். "பாரு, ஆளில்லாம மரம் எப்படி நிக்குது! ஓடல பாரு" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கயிறு கையை விட்டிருந்தால், என்றேன். "விடல இல்ல?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஒங்கப்பனுக்குக் காட்டாத. மரத்த வித்துருவான்" என்றார்.

மூன்று இரவுகள் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை. அழிப்பதற்கு விரல் போகும். அடுத்த முறை விரல்கள் மறையும் பதினான்காவது படத்துக்குப் பிறகு பதினெட்டாவது படம் வராவிட்டால் என்று நினைக்கும், நின்றுவிடும். காமிராவை நான் கட்டாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது என்ற கோழைத்தனமான எண்ணமும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நான்காம் நாள் இரவு அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. 17 படங்களையும் எண்ணினார். "எந்தப் பக்கமா ஏறுனாரு?" என்று மட்டும் கேட்டார். விடியுமுன் எழுந்து போய், தாத்தாவின் மரத்தில் இரு பக்கமும் தடித்த கயிற்றைத் தொங்கலாகக் கட்டினார், நீரிலிருந்து கால் வைத்து ஏறும் அளவுக்கு. தம் படகிலிருந்து மிதவைச் சட்டை ஒன்றையும் கொண்டுவந்து மரத்தின்மேல் வைத்தார். தாத்தா வந்து பார்த்தார், முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார், ஒரு முடிச்சை அவிழ்த்துத் தம் முறைப்படி மறுபடி போட்டார். மிதவைச் சட்டையை அவர் அணியவில்லை. மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மகனும் தந்தையும் அன்று எதுவும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது.

என்னோடு தாத்தா நான்கு நாள் பேசவில்லை. அது நியாயம்தான். ஐந்தாம் நாள் விடியற்காலையில் மரத்தைக் கட்டிக்கொண்டே, "எங்க உன் பொட்டி?" என்றார். ஓடிப் போய் எடுத்து வந்தேன். முதல்முறையாக என்னையே கட்டச் சொன்னார். காய்ந்த கயிற்றால் மேலும் கீழுமாகச் சுற்றி, நடுவே இறுக்கினேன். வழக்கம்போல் முகத்தைப் பின்னோக்கி வைத்தபோது என் கையைத் தடுத்தார்.

"என்னப் பாக்க வேணாம். முன்னால பாக்கட்டும்."

அவ்வாறே திருப்பிக் கட்டினேன். என் ஆய்வுக் கட்டுரைக்கு முன்னரே போதுமான படங்கள் கிடைத்துவிட்டன. அதைத் துறையில் ஒப்படைத்தும் ஆயிற்று. காமிராவை மட்டும் திருமணப் படக்காரர் தம் பருவம் தொடங்கும்வரை எங்களிடமே விட்டிருந்தார். மரம் கரை திரும்பியதும் தாத்தா கட்டுகளை அவிழ்த்து, கட்டைகள் காய்வதற்காக மணலில் பிரித்துப் போடுவார். நான் காமிராவை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத் திண்ணைக்கு வருவேன். ஆயிரம் படங்களிலும் ஒரே காட்சிதான். தண்ணீர், அடிவானம், அதன்மேல் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பு. பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும். நான் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். துடுப்பில் ஆள் இல்லையென்றால் மரம் திரும்பிவிடும், தோப்பு படத்தை விட்டுப் போய்விடும். தோப்பு நடுவில் இருக்கிறது. அடுத்த படம். தோப்பு நடுவில் இருக்கிறது. அடுத்த படம்.