குடிசைச் சின்னமும் லய வாழ்வும்

வாக்காளன் எதனை நம்பி வாக்களிக்கிறான்? எழுத்தையா, படத்தையா? ஐக்கிய அமெரிக்காவின் தொடக்ககாலத் தேர்தல்கள் இவ்வினாவை முன்னரே எழுப்பின. 1823இல் ஜோன் ஈட்டன் என்பார் ‘வயோமிங்’ என்னும் புனைபெயரிற் பிலடெல்பியாப் பத்திரிகையொன்றுக்குக் கடிதங்கள் வரைந்து, அன்ட்ரூ ஜக்சனை ஜனாதிபதிப் பதவிக்கு ஆதரித்தார். தலைநகரின் ஊழலைச் சாடிய அக்கடிதங்கள் பக்கச்சார்புடையனவே. எனினும் வாசிப்போர் மறுத்துரைக்க அவற்றில் வாதங்கள் இருந்தன. 1840இல் நிலைமை மாறிற்று. வில்லியம் ஹென்றி ஹரிசன் மரக்குடிசையில் மதுவருந்திக் காலங்கழிக்கவே தக்கவரென எதிரணிப் பத்திரிகையொன்று எள்ளியது. அவரது கட்சி அக்குடிசையையே சின்னமாக்கி ஊர்வலம் விட்டு வென்றது. உண்மையில் அவர் பிறந்தது வேர்ஜீனியாவிற் பெருந்தோட்ட மாளிகையொன்றில்.

ஊவாத் தோட்டங்களிற் குடிசை சின்னமன்று, வாழ்விடம். இலங்கையில் 1931ஆம் ஆண்டுத் தேர்தலின்போது எழுத்தறியாதாரும் வாக்களிக்குமாறு வேட்பாளர்க்கு நிறப்பெட்டிகள் வைக்கப்பட்டன. பின்னர் சின்னங்கள் வந்தன. இவ்வகையிற் படம் பழிக்கத்தக்கதன்று. கையெழுத்திட அறியாத தொழிலாளியும் பிறர் துணையின்றித் தம் விருப்பைத் தெரிவிக்க அது உதவிற்று. 1947இற் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். ஆயின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே வழிதிறந்தன.

அவ்வாறு அரிதின் மீண்ட வாக்கு பெற்றுத்தந்தது யாது? 2014 செப்டெம்பர் 20இல் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. வெற்றிலையும் யானையும் தோட்டங்கள்தோறும் வாக்குக் கேட்டன. முப்பத்தொன்பது நாட்களின் பின், ஒக்டோபர் 29ஆந் திகதி காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண்சரிவு மூடிற்று. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. லயங்களோ அங்கேயே இருந்தன.

யாருக்கு வாக்களிப்பதென்பதைச் சின்னம் காட்டும். எதற்காக என்பதை அது கூறாது. எந்த மலைச்சரிவிலுள்ள எத்தனை குடும்பங்களுக்கு, எந்த ஆண்டுக்குள், எங்கே காணியும் வீடும் வழங்கப்படும் என்பதை எழுத்தே தாங்கும். நிறப்பெட்டி கண்ட தலைமுறைக்கு வாசிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது. அதன் பேரப்பிள்ளைகளோ இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். வேட்பாளரிடம் ஒப்பமிட்ட கடிதமொன்றைக் கேட்டுப் பெற்று, அதனை லயத்து வாசலில் உரக்க வாசித்துக் காட்டுதல் அவர்தம் கடனாகும்.