எந்த மொழி எளிது?

வேலையின் பொருட்டோ பணியின் பொருட்டோ அயல்நாடு செல்வோர், விடைபெறப் பங்கு இல்லத்துக்கு வரும்போது பலமுறை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, அந்த ஊர் மொழி எளிதானதா?" சென்ற ஆண்டு இருவர் அவ்வாறு கேட்டனர். ஒருவர் தான்சானியாவில் மருத்துவப் பணிக்கு அனுப்பப்பட்ட அருட்சகோதரி. அவருக்குத் தேவை சுவாஹிலி. மற்றவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வேலை பெற்ற இளைஞர். அவருக்குத் தேவை ஜூலு. குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு போராடிப் பழகியவன் ஆதலால், இரு மொழிகளின் இலக்கண நூல்களையும் வரவழைத்து நானும் படிக்கலானேன்.

சுவாஹிலி கற்பவர்க்கு இரக்கம் காட்டும் மொழி. எழுதியவாறே ஒலிக்கிறது. அதன் வினைச்சொல் அமைப்பும் தமிழருக்கு முற்றிலும் புதிதன்று. 'படித்தேன்' என்னும் ஒரே சொல்லில் செயலும் காலமும் செய்தவரும் அடங்குவதுபோல, 'நிலிசோமா' என்பதிலும் அடங்குகின்றன. 'நி' என்பது நான், 'லி' இறந்தகாலம், 'சோமா' படித்தல். நாம் இறுதியில் வைப்பதை அவர்கள் முதலில் வைக்கிறார்கள். எளிய மொழி ஆதலால் ஆழமற்றது என எண்ணிவிட வேண்டாம். தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரே, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை 1963-ஆம் ஆண்டில் அம்மொழியில் பெயர்த்து வெளியிட்டார்.

ஜூலு அதற்கு உறவுமொழியே. ஆயினும் அதில் தொனி மாறினால் பொருள் மாறக்கூடும். நாவைச் சொடுக்கி எழுப்பும் மூவகை ஒலிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, பிறர் துயர் கேட்டு நாம் உச்சுக்கொட்டும் ஒலி. மற்றொன்று, வண்டிக்காரர் மாட்டை முடுக்கும் ஒலியை ஒத்தது. நமக்குப் பழகிய ஒலிகளே எனினும், அவற்றைச் சொல்லின் நடுவே வைக்கப் பயிற்சி வேண்டும்.

ஆங்கிலம் பேசுவோர் சுவாஹிலி கற்கச் சுமார் 36 வாரமும், ஜூலு கற்கச் சுமார் 44 வாரமும் ஆகும் என்பது அமெரிக்க அயலுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணக்கு. தமிழுக்கும் அதே 44 வாரந்தான்! நம் குழந்தைகள் மழலையில் கற்றுவிடும் மொழி அவர்களுக்கு ஜூலுவுக்கு நிகரான சுமையாகிறது. ஆக, எளிமை என்பது கற்பவர் எங்கிருந்து புறப்படுகிறார் என்பதைப் பொறுத்தது.

டர்பன் செல்லும் இளைஞரோ ஒரு குறுக்குவழியைக் கேள்விப்பட்டிருந்தார். அங்கே 'ஃபனகலோ' என்றொரு கலப்புப் பேச்சு உண்டு. சொற்களில் பெரும்பகுதி ஜூலு; கடினமான இலக்கணம் களையப்பட்டது; விரைவில் கற்றுவிடலாம். சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் வெள்ளையர் வீட்டுச் சமையலறைகளிலும் அது வழங்கியது. பல நாட்டுத் தொழிலாளர் கூடிய சுரங்கங்களில் பயன்பட்டதும் உண்மையே. ஆனால் 'ஃபனகலோ' என்றாலே 'இதைப்போல' என்று பொருள். 'இதைப்போலச் செய்' என்னும் ஏவலின் நிழல் அதில் படிந்திருக்கிறது. ஏவுவதற்கு அது போதும். ஒருவருடைய துயரைக் கேட்பதற்குப் போதுமா? ஆப்பிரிக்க மக்கள் பலர் அதனை அவமதிப்பாகவே கருதினர்.

"தம்பி, 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர்கள் ஏவல் மொழியின் கசப்பை அறிந்தவர்கள். அங்கு வாழ்ந்த காந்தியடிகள் அவர்கள் பொருட்டுத் தமிழ் கற்க முயன்றார். அது அவருக்கு முழுமையாக வசப்படவில்லை. ஆயினும் முயற்சியைக் கைவிட்டாரில்லை. நீயும் ஜூலுவையே கற்றுக்கொள்," என்றேன்.

ஜூலு மொழியில் வணக்கம் கூற, 'சௌபோனா' என்பார்கள். 'உம்மைக் கண்டோம்' என்பது அதன் பொருள். அயல்நாடு செல்லும் அன்பர்களே, மொழி எளிதா கடினமா என்று அளப்பதற்கு முன், அங்கே யாரைக் காணப்போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளி தமக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லும்போது விளங்கிக்கொள்ளும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். வாரங்கள் சில கூடினாலும் அது இழப்பாகாது.