திருப்பாச்சேத்தியில் ஒரு ஜோடித் தாயக்கட்டை

என் அத்தைக்கு வயது எண்பதுக்கு மேலாகிறது. வீடு மாற்றிய அமர்க்களத்தில் அவளுடைய பித்தளைத் தாயக்கட்டைகளில் ஒன்று காணாமற் போயிற்று. கடைத்தெருவில் புதிய ஜோடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அத்தை அதை உள்ளங்கையில் வைத்து ஒரு முறை உருட்டிப் பார்த்தாள். "தகரம் மாதிரி இருக்கிறதேடா!" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த ரோஷத்தில்தான் எனக்கு ஒரு விபரீத ஆசை உதித்தது. அலையலையாகக் கோலம் ஓடுகின்ற எஃகிலே ஒரு ஜோடித் தாயக்கட்டை செய்விப்பது என்று தீர்மானித்தேன்.

டமாஸ்கஸ் வாள்களின் மேனியில் ஓடிய நீரோட்டம் போன்ற கோலத்தைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த வாள்களுக்குப் பேர்போன எஃகு தென்னாட்டில் மண் மூசைகளில் உருக்கி எடுக்கப்பட்டது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கொடுமணலில் அத்தொழில் நடந்த அடையாளங்கள் அகழாய்வில் வெளிப்பட்டிருக்கின்றன. 1819-ஆம் ஆண்டில் லண்டனில் மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானி இந்த எஃகை ஆராய்ந்தார். அவர் ஒரு கொல்லரின் புதல்வர் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏனோ சந்தோஷமாயிருக்கிறது. நம் பக்கத்தில் அந்த மூசைத் தொழில் நசித்து வெகு காலமாகிறது. இன்று கோல எஃகு என்று பெரும்பாலும் வழங்குவது வேறு வகை. இரண்டு விதமான எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, ஒன்றாகப் படியும்படி அடித்துச் செய்வது. அதற்கு மூசை வேண்டாம். நல்ல கொல்லர் ஒருவர் இருந்தால் போதும். நல்ல கொல்லர் என்றால் மதுரைக்காரனுக்கு வேறு எந்த ஊர் ஞாபகம் வரும்?

திருப்பாச்சேத்திக்குப் போகிறவர்கள் வழியில் கீழடியில் இறங்காமல் போவது பாவம். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டி நாட்டு வீடு போன்ற கட்டடம். வைகைக் கரை நாகரிகத்தின் பானைகளையும் மணிகளையும் ஜனங்கள் கூட்டங் கூட்டமாகப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். எனக்கோ வேறொன்றிலேயே கவனம். அந்த அகழாய்வில் யானைத் தந்தத்தினால் செய்த பகடை கிடைத்திருக்கிறது. நம் முன்னோர்கள் நெசவு செய்தார்கள், ஓட்டிலே பெயர் கீறினார்கள் என்பதெல்லாம் பெருமைக்குரிய விஷயந்தான். ஆனால் சாயங்காலம் உட்கார்ந்து பகடையும் உருட்டினார்கள் என்று அறிந்தபோதுதான் அவர்கள் என் சொந்தக்காரர்களாகத் தோன்றினார்கள்.

அடுத்த ஊர் திருப்புவனம். தாமிரமும் பித்தளையும் இரும்பும் நெருப்பிலிட்ட மாத்திரத்தில் பொன்னாகும்படி சித்தர் வடிவில் வந்த சிவபெருமான் பொன்னனையாளுக்கு அருளிய ஸ்தலம். நான் இரும்பை இரும்பாகவே அழகாக்கப் புறப்பட்டவன். ஆகையால் பஸ்ஸிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டு மேலே சென்றேன். மதுரையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோ மீட்டரில் திருப்பாச்சேத்தி வந்தது. தென்னை மரங்களுக்கு நடுவே சம்மட்டிச் சத்தம் கேட்டது.

நான் போய் நின்ற பட்டறையில் கருப்பண்ணசாமிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் ஆளுயர அரிவாள் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் ஆசாரியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாயக்கட்டையா? அய்யா, நாங்க அருவா அடிக்கிறவங்க."

"தெரிந்துதான் வந்திருக்கிறேன், ஆசாரியாரே" என்றேன்.

அடுக்கு எஃகைப் பற்றி நான் படித்ததைச் சொல்லச் சொல்ல, அவர் கண்களில் ஒரு பளபளப்புத் தோன்றியது. பழைய லாரியின் வில்பட்டை அவரிடம் நிறைய இருந்தது. அரிவாள்கள் ஆவது அதிலேதான். அது கறுக்கும் எஃகு. கறுக்காத எஃகுக்கு மர அறுவை ஆலையில் கழித்துப்போட்ட ரம்பப் பட்டை ஒன்றை நான் கொண்டு போயிருந்தேன். சில ரம்பங்களில் நிக்கல் கலந்திருக்கும். திராவகத்தில் முக்கினால் அது மட்டும் வெள்ளி போல நிற்கும்.

வில்பட்டைத் துண்டுகள் நான்கு, ரம்பத் துண்டுகள் மூன்று, ஆக 7 அடுக்கு. இடுக்கிலே அழுக்குத் தங்காதபடி வெங்காரப் பொடியைத் தூவி, மஞ்சள் நிறம் வெண்மையை எட்டும் வரையில் காய்ச்சினார். துருத்திக்குப் பதிலாக இப்போது மின்சார விசிறி. ஆனால் சம்மட்டி பழைய சம்மட்டிதான். அதை வீசியவர் அவருடைய மனைவி. மகன் கோயமுத்தூரில் வேலையாயிருப்பதாக அந்த அம்மாள், மூச்சு வாங்காமல், இரண்டு அடிகளுக்கு நடுவே சொன்னார். ஒட்டிய பாளத்தை நீட்டி, வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மறுபடியும் அடித்தார்கள். 7 அடுக்கு 14 ஆயிற்று; 28 ஆயிற்று; 56 ஆயிற்று.

இங்கே ஒரு சங்கடம் நேர்ந்தது. அடுக்கின் ஓரம் தெரிவது சட்டத்தின் இரண்டு பக்கங்களில்தான். மற்ற இரண்டும் மொட்டையாக இருக்கும். கத்திக்கு அது போதும். நான்கு முகமும் சம அந்தஸ்துள்ள தாயக்கட்டைக்குப் போதுமா? ஆசாரியார் சிறிது யோசித்துவிட்டு, சட்டத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு முனையைப் பிடிகருவியில் இறுக்கி, மறு முனையைக் குறடினால் பிடித்துக் கயிறு போல முறுக்கினார். பிறகு மறுபடியும் சதுரமாக அடித்தார். தேய்த்துத் திராவகத்தில் முக்கி எடுத்தபோது நான்கு முகத்திலும் சுழல் சுழலாகக் கோலம் எழுந்து நின்றது. நான் வாயைப் பிளந்தேன். அதோடு நின்றேனா? "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்த்தால் கோலம் தெளியுமே" என்று சொல்லிச் சொல்லித் தேய்க்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்து உருட்டியபோது புத்தி வந்தது. ஒரு கட்டையில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம். இரண்டு கட்டைகளையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் இரண்டு விதம். பன்னிரண்டு ஒரே விதம். கட்டை நேர்மையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நான் தேய்க்கச் சொன்ன பக்கங்களுக்கு நடுவே கனம் குறைந்து, சட்டம் சற்றே தட்டையாகி விட்டது. தட்டையான கட்டை அகன்ற முகத்தில்தான் படுக்கும். வெறுமை என்னும் முகம் மேலே வருவதே அரிதாகி, பன்னிரண்டு என்ற பேச்சே இல்லாமற் போயிற்று. அத்தை நான்கு ஆட்டம் ஆடிவிட்டு, "இது சகுனியின் கட்டைடா" என்றாள்.

மறுபடியும் திருப்பாச்சேத்திக்குப் போனேன். ஆசாரியார் கட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அழகைக் கேட்டீங்க, குடுத்தேன். ஞாயத்தைக் கேக்கலையே, அய்யா!"

இம்முறை அவர் முதலில் ஓர் இரும்புத் தகட்டில் 8 மில்லி மீட்டர் அகலத்தில் ஒரு வாய் வெட்டிக் கொண்டார். மீதமிருந்த சட்டத்திலிருந்து 7 சென்டி மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார். தகட்டின் வாயில் நுழைத்துப் பார்ப்பார். திருப்பி நுழைத்துப் பார்ப்பார். எப்படித் திருப்பினாலும் ஒரே இறுக்கமாகப் போக வேண்டும். ஒரு பகல் முழுவதும் இதிலேயே கழிந்தது. இரண்டு அரிவாள் அடித்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் மனத்திற்குள் கணக்குப் போட்டுக் கொண்டேன். துவைச்சல் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "இது எதை வெட்டப் போகுது?" என்றார். புள்ளிகளையும் ஆழமாகக் குடையாமல் மேலாகவே பொறித்தார். மூன்று புள்ளியுள்ள முகம் இளைத்துவிடக் கூடாதாம். முடிந்தபோது ஒவ்வொரு கட்டையும் ஏறக்குறைய 35 கிராம் நிறை. துருப் பிடிக்காதிருக்கத் தேங்காயெண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றினார். இரண்டாம் நாள் வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பணத்தை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக் கொண்டார்.

பிறகு ஆசாரியார் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து, "பேரு, விலாசம் சொல்லுங்க" என்றார். அரிவாள் வாங்குவோர் விவரத்தை எழுதி வைக்க வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டில் போலீஸார் உத்தரவிட்டது நினைவுக்கு வந்தது.

"தாயக்கட்டைக்குமா?" என்று கேட்டேன்.

"பாரதத்துச் சண்டை அருவாளாலேயா வந்துச்சு?" என்றார் ஆசாரியார்.

"தென்னை மட்டை வெட்ட", "கோயில் நேர்த்தி" என்ற வரிகளுக்குக் கீழே, என் பெயருக்கு நேராக, "அத்தைக்கு" என்று எழுதிக் கொண்டார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அந்த அம்மாள் கரித்துண்டால் தரையில் கட்டம் கீறினார். நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அம்மாளுக்கு முதல் உருட்டிலேயே தாயம், ஆசாரியாருக்கு மூன்றாவதில். மானாமதுரைப் பக்கத்திலிருந்து பஸ் வந்து ஹாரன் அடிக்கும் வரையில் எனக்குத் தாயம் விழவேயில்லை.