கத்தரிக்கோலும் பசையும் எதற்கு?

மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குக் கத்தரிக்கோலும் பசையும் எதற்கு? இந்தக் கேள்வியை உறவினர்கள் அக்கறையோடு கேட்பார்கள். விடுதி நண்பர்கள் கேலியோடு கேட்பார்கள். என் மேசையில் உடற்கூற்று நூலுக்குப் பக்கத்தில் வண்ண நூல்கண்டுகளும், சுருட்டிய காகிதத் துண்டுகளும், பாதி தைத்த குறிப்பேடும் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். "சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதே, ஒருநாள் உட்கார்ந்து பதில் எழுது" என்று பேரவை நண்பர் ஒருவர் சொன்னார். இதுதான் அந்தப் பதில்.

கைவேலை எனக்குத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கியது. தீபாவளிக்கு முன் மணிலா அட்டையை மடித்து, வண்ணத்தாளில் விளக்கு வெட்டி ஒட்டி, வாழ்த்து அட்டை செய்வோம். உள்ளே எழுதும் இரண்டு வரியில் எழுத்துப்பிழை இருந்தால் ஆசிரியை அட்டையையே திருப்பித் தந்துவிடுவார். அழகாக இருந்தால் மட்டும் போதாது, சரியாகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே படிந்த பாடம். தேசிய இடைநிலைப்பள்ளியில் அறிவிப்புப் பலகை அலங்காரம், பல்கலைக்கழகத்தில் பேரவையின் பொங்கல் விழாச் சுவரொட்டி, காகிதச் சுருள் காதணி, கையால் தைத்த குறிப்பேடு என்று அது என்னோடு வளர்ந்து வந்தது.

முதலாம் ஆண்டில்தான் கைவேலை பாடத்துக்குள் நுழைந்தது. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலை மருத்துவ மாணவர் யாரும் மறக்க மாட்டார்கள். ஐந்து வேர்கள் மூன்று தண்டுகளாகக் கூடும். ஒவ்வொரு தண்டும் இரண்டாகப் பிரிந்து ஆறாகும். அந்த ஆறும் மூன்று வடங்களாகச் சேரும். கடைசியில் ஐந்து பெரிய நரம்புகளாகப் பிரிந்து கைக்குள் இறங்கும். இதைப் படித்து மனப்பாடம் செய்யலாம்; இரண்டு வாரத்தில் மறந்தும் போகலாம். நான் ஐந்து நிறங்களில் பூத்தையல் நூல் வாங்கினேன். அந்த நூல் ஒவ்வொன்றிலும் ஆறு இழைகள் உண்டு என்பதால் பிரிப்பதும் சேர்ப்பதும் எளிது. அம்மா பூக்கட்டும்போது செய்வதுபோல் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, நூலைப் பார்த்துக்கொண்டே பின்னினேன்.

முடித்தபோது படத்தில் கவனிக்காத ஒன்று தெரிந்தது. சுண்டுவிரல் பக்கம் செல்லும் நரம்பில் பெரும்பாலும் கடைசி இரண்டு நிறங்கள்தான் இருந்தன. நடுவில் இறங்கும் நரம்பிலோ பல நிறங்கள் கலந்திருந்தன. கீழ் வேர்கள் இரண்டும் அறுந்தால் கையின் சிறு தசைகள் ஏன் செயலிழக்கின்றன என்பதை அதன்பின் நான் மனப்பாடம் செய்யவில்லை. கருவில் குடல் 270 பாகை சுழன்று தன் இடத்தில் அமைவதையும் அப்படித்தான் ஒரு கயிற்றை வைத்துச் சுற்றிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒன்றைச் செய்து பார்க்கும்போது, தெரியாத இடம் வந்ததும் கை நின்றுவிடும். எது புரியவில்லை என்று நமக்கே தெரிந்துவிடும்.

இது நான் கண்டுபிடித்த வழி அன்று. நாங்கள் பயன்படுத்தும் மனித உடற்கூற்று வரைபட நூலைத் தந்த ஃபிராங்க் நெட்டர் ஓவியம் பயின்றவர். பிறகு மருத்துவம் படித்து 1931இல் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவராகத் தொழில் தொடங்கிய அவர், ஓவியத்துக்கே திரும்பினார். அந்த நூல் 1989இல் வெளிவந்தது.

அவருக்கும் முன்னோடி ஹென்றி வாண்டைக் கார்ட்டர். 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலை எல்லாரும் கிரேயின் பெயராலேயே சொல்கிறோம். அதன் படங்களை வரைந்தவர் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர். உறுப்பின் மேல் ஓர் எழுத்தைப் போட்டு, அதன் பெயரைப் பக்கத்தின் அடியில் தேடவைக்கும் முறைக்கு மாறாக, பெயரை உறுப்பின் மேலேயே அவர் எழுதினார். படிப்பவரின் கண் அலையவே வேண்டாம். அதே ஆண்டில் அவர் பம்பாய்க்குச் சென்று பல்லாண்டுகள் பணியாற்றினார். அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, வெறுங்காலில் நடக்கும் உழவர்களைத் தாக்கி, பாதத்தை வீங்கிப் புண்ணாக்கும் நோய். மதுரைப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டதால் அதற்கு 'மதுரைப் பாதம்' என்றே பெயர். 1874இல் அதைப் பற்றித் தனி நூலும் எழுதினார். உலகின் புகழ்பெற்ற மருத்துவ ஓவியர் ஒருவர் நம்மவரின் வெறுங்காலைக் குனிந்து பார்த்திருக்கிறார் என்பதை நான் படித்தது, நானும் கால்களைப் பார்க்கத் தொடங்கியிருந்த சமயத்தில்.

மூன்றாம் ஆண்டில் நாங்கள் வார்டுக்கும் கிளினிக்குக்கும் செல்லத் தொடங்கினோம். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே விகிதம் மிக அதிகம். எண்ணாகப் படிப்பது வேறு, கட்டிலருகே நிற்பது வேறு. கால்விரல் இரண்டை இழந்திருந்த ஒரு பாட்டியிடம், "முதலில் எப்போது வலித்தது?" என்று கேட்டேன். "வலிக்கவே இல்லையே அம்மா. வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேனே" என்றார். நீரிழிவு நரம்பை மழுங்கடித்துவிட்டதால் முள் குத்தியதும் தெரியவில்லை, புண் வைத்ததும் தெரியவில்லை. பாதப் பராமரிப்பு பற்றிய கையேடு அவர் பையிலேயே இருந்தது. அது மலாயில் இருந்தது. பாட்டிக்குப் படிக்கத் தெரிந்த மொழி தமிழ் மட்டும்.

அன்று இரவு நான் வரையத் தொடங்கினேன்.

முதலில் சொல். நூலில் 'நீரிழிவு' என்கிறோம். நம் தோட்டத்துப் பெரியவர்கள் 'இனிப்பு நீர்' என்கிறார்கள். மலாயில் 'கென்சிங் மானிஸ்' என்பதும் அதே பொருள்தான். மருத்துவப் பெயரின் பின்பாதியான 'மெல்லிட்டஸ்' என்பதும் தேனினிமையைத்தான் குறிக்கிறது. எனவே அட்டையில் 'இனிப்பு நீர்' என்று பெரிதாகப் போட்டு, கீழே சிறிதாக 'நீரிழிவு' என்று எழுதினேன். மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்போருக்கு ஒரு செய்தி: 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார்.

அடுத்தது எழுத்து. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழ் எழுத முரசு மென்பொருளை உருவாக்கியவர். அப்படிப்பட்ட நாட்டில் இன்றும் 'கொ' என்ற எழுத்து சிதறி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும் சுவரொட்டிகளைக் காண்கிறோம். பெரும்பாலும் எழுத்துருவில் குறையில்லை. வரைகலை மென்பொருளின் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்குரிய தேர்வை இயக்கினால் சரியாகிவிடும். மேலும், தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். இந்த நோயில் பார்வையும் மங்கக்கூடும். ஆகவே ஊதாப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்ற நம் விழாக்கால ஆசையை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு எழுத்தாகவே வைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வாக்கியம். கார்ட்டர் செய்ததுபோல் சொற்களைப் படத்தின் மேலேயே எழுதினேன். 'இங்கே ஈரம் நிற்கும்' என்பது விரலிடுக்கின் மேலேயே இருக்கும்.

மூன்றாவது மடிப்பு. ஓர் ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரே ஒரு வெட்டு போட்டால், தைக்காமலும் ஒட்டாமலும் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் நகலெடுத்தால் போதும். எங்கள் வளாகக் கடையில் 10 காசு. உள்ளங்கைக்குள் அடங்கும், மணிபர்சிலும் நிற்கும். முன்னட்டை போக ஆறு பக்கங்களில் ஆறு செய்திகள். பின்னட்டையில் அடுத்து கிளினிக்குக்கு வரவேண்டிய நாளை எழுத இடம். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவியபின் விரலிடுக்கைத் துடையுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். செருப்பை மாட்டுமுன் உள்ளே தடவிப் பாருங்கள். புண் கண்டால் கைமருந்து போட்டுக் காத்திராமல் அன்றே வாருங்கள்.

ஆறாவது செய்திதான் என்னை அதிக நாள் உட்காரவைத்தது. பொதுவான கையேடுகள் 'வெறுங்காலில் நடக்காதீர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். மருத்துவப்படி அது சரி. ஆனால் நம்மவர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் வெறுங்காலில் ஏறுவார்கள். அந்த வரியைக் கேட்கும் பக்தர், இது நமக்குச் சொன்னதில்லை என்று தாளை மூடிவிடுவார். விரிவுரையாளர் ஒருவரோடு பலமுறை பேசியபின் இப்படி எழுதினோம்: 'கால் மரத்துப் போகிறதா? காவடிக்கும் நடைப்பயணத்துக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். வெயில் ஏறிய தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்காதீர்கள். கோயிலிலிருந்து வந்ததும் பாதத்தைக் கழுவி, அடிப்பக்கத்தைப் பாருங்கள்.' இதற்கு மட்டும் ஒரு பக்கம் போதாமல், எதிர்ப்பக்கத்தில் கோயில் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளை வரைந்தேன். அதற்கு இடம் விட, கழுவுவதையும் நகம் வெட்டுவதையும் ஒரே பக்கத்தில் சேர்த்தேன். விரிவுரையாளர் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத் திருத்தித் தந்த பிறகே நகலெடுத்தோம்.

பேரவை நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து 300 பிரதிகள் மடித்தார்கள். கோயில் ஒன்றில் நடந்த மருத்துவ முகாமில் கொடுத்தோம். செருப்புப் படத்தைப் பார்த்ததும் பெரும்பாலோர் சிரித்தார்கள். ஒரு தாத்தா சிரித்துவிட்டு, அங்கேயே நாற்காலியில் அமர்ந்து காலைத் தூக்கித் தம் மனைவியிடம் காட்டினார். குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. தாதி உடனே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அந்தக் கால் அன்றைக்கே கவனிக்கப்பட்டது.

என் அத்தைமார்க்கு நான் சொல்ல விரும்பும் பதில் இவ்வளவுதான். நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் படிப்பவருக்கு வாடகை ஒப்பந்தம் தெரியும். கணக்கியல் படிப்பவருக்குச் சேமநிதிப் பாரம் தெரியும். அவற்றைத் தமிழில், ஒரு தாளில், பெரிய எழுத்தில் எதிர்பார்க்கும் பெரியவர் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். அவருக்குப் புரிகிறவரை திருத்தி எழுதுங்கள். நான் அடுத்துச் செய்யப்போவது டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான சிறுநூல்: ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதை மில்லிலிட்டரில் சொல்லாமல், நம் வீட்டு டம்ளர் கணக்கில் காட்ட வேண்டும். சொல் தேடவும், படம் வரையவும், தாள் மடிக்கவும் ஆள் வேண்டும். வருகிறீர்களா?