பாரிசில் 96 மணி நேரம்

பெருநகரம் ஒன்றைக் காணச் செல்வோர் பணக்கணக்கை மட்டும் பார்த்தாற் போதாது. நேரக்கணக்கும் பார்த்தல் வேண்டும். பிரான்சு தேசத்தின் தலைநகராகிய பாரிசிலே இவ்வுண்மையை நாம் நன்கு உணர்ந்தோம். அங்கே நூதனசாலைகளையும் பண்டை மாளிகைகளையும் பார்ப்பதற்கென ஒரு கூட்டு அனுமதிச் சீட்டு விற்கப்படுகின்றது. இரண்டு நாள், நான்கு நாள், ஆறு நாள் என அது மூவகைப்படும். அந்த ஒரு சீட்டைக் காட்டி ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களுக்குட் செல்லலாம். ஆயின் ஓரிடத்துக்கு ஒருமுறை மாத்திரமே. நாள் என்று பேர் பெற்றிருப்பினும், முதல் வாயிலிற் சீட்டைக் காட்டிய கணந்தொட்டு 48, 96, 144 மணியென நேரமே எண்ணப்படுகின்றது. நாம் உறங்கினாலும் அச்சீட்டு உறங்குவதில்லை.

நாமும் எம் மனைவியாரும் நான்கு நாட் சீட்டை வாங்கினோம். அதனை எந்நாளில் தொடங்குவது என்பதே முதல் ஆலோசனையாயிற்று. லூவர் நூதனசாலைக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே நூதனசாலைக்கும் வெர்சேய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. ஆதலின் புதன்கிழமை நண்பகலிலே தொடங்கினோம். 96 மணி நேரம் ஞாயிறு நண்பகலில் முடியும். விடுமுறை நாள் இரண்டும் இடையிற் புகா. புதனன்று லூவர் இரவு 9 மணிவரையும், வியாழனன்று ஓர்சே 9.45 மணிவரையும் திறந்திருத்தல் மற்றொரு வசதி.

குடும்பத்தோடு செல்ல எண்ணும் வாசகர்க்குச் சில குறிப்புக்கள் பயன்படும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு அங்குள்ள தேசிய நூதனசாலைகளிற் கட்டணம் இல்லை. ஆதலின் பிள்ளைகளுக்குச் சீட்டு வாங்குவது வீண்செலவு. ஈபெல் கோபுரம் இச்சீட்டில் அடங்காது. 2019 இல் தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர்தாம் தேவாலயத்தினுட் செல்லக் கட்டணமே இல்லை. பொம்பிடு நிலையம் 2025 இல் திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டது. சீட்டைக் கையில் வைத்திருப்போரும் லூவருக்கும் வெர்சேய்க்கும் செல்லும் நேரத்தை முன்கூட்டியே பதிந்துகொள்ளல் வேண்டும்.

இனி, சீட்டு வாங்கியவரைப் பிடிக்கும் ஒரு நோயைப்பற்றிச் சொல்லவேண்டும். கொடுத்த பணத்துக்கு ஈடாகப் பார்த்துவிடவேண்டும் என்னும் ஆசையே அது. காலையில் மூன்று இடம், மாலையில் மூன்று இடம் என ஓடுவோரை எங்கும் கண்டோம். படத்தின் முன் நின்று, கைத்தொலைபேசியை உயர்த்தி, கண்ணால் ஒருமுறை நோக்காமலே அப்பாற் செல்வர். 77 சென்ரிமீற்றர் உயரமே உள்ள மோனா லிசா ஓவியத்தின் முன் நின்ற கூட்டத்திலே, ஓவியத்தைப் பார்த்தவர்களைவிடத் தம் கைத்திரையைப் பார்த்தவர்களே பெரும்பாலர்.

இவ்வோட்டத்தால் ஆவது என்ன? லூவரில் மட்டும் ஏறக்குறைய 35,000 பொருள்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம் நின்றால் 17,500 நிமிடம், அதாவது ஏறக்குறைய 292 மணி நேரம் வேண்டும். ஆறு நாட் சீட்டுக்கள் இரண்டினை வாங்கி, ஊணும் உறக்கமும் ஒழித்து நின்றாலும் அந்த ஒரு நூதனசாலை முடியாது. முடியாதென்று துணிந்தபின் மனம் அமைதியடைகின்றது. எதை விடுவது என்னும் கவலை நீங்கி, எதைப் பார்ப்பது என்னும் விருப்பம் பிறக்கின்றது.

நாம் ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேற் செல்வதில்லை என வரையறுத்துக்கொண்டோம். லூவரிலே, படிக்கட்டின் உச்சியிற் சிறகு விரித்து நிற்கும் சமொத்திராசு வெற்றித் தேவதையைப் பார்த்தே மாலைப்பொழுதிற் பெரும்பகுதியைக் கழித்தோம். தலையும் கைகளும் இன்றியும் அச்சிலை காற்றை எதிர்த்து நிற்பது கண்கூடு. 1900 இல் புகையிரத நிலையமாகத் திறக்கப்பட்டு 1986 இல் நூதனசாலையாகிய ஓர்சேயில், பழைய பெருங் கடிகாரத்தின் கண்ணாடியூடே செயின் நதியை நோக்கினோம். 1248 இல் நிறைவுற்ற சென் சப்பல் என்னும் சிற்றாலயத்தில், பதினைந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்களினூடு புகுந்த வெயில் எம் வெண்ணிற ஆடைகளைச் செம்மையும் நீலமுமாக்கிற்று. ஒராஞ்சரியிலுள்ள இரு நீள்வட்ட மண்டபங்களில், மொனே வரைந்த ஆம்பற் குளங்களின் நடுவே ஆசனத்தில் அமர்ந்து, ஒன்றும் பேசாதிருந்தோம்.

சிற்பி ரோடின் வாழ்ந்த மாளிகையும் இன்று நூதனசாலையே. சென்னை நூதனசாலையிலுள்ள நடராச வடிவங்களை நிழற்படங்களிற் கண்டு வியந்து அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்து நான்கு ஆண்டுகளின்பின் 1921 இல் வெளியாயிற்று. இந்தியாவை ஒருபோதும் காணாத ஒருவரின் உள்ளத்தை நிழற்படமே அவ்வாறு அசைத்ததெனின், அவர் அதனைப் பார்த்த பார்வை எத்தகையது என எண்ணியவாறே அத்தோட்டத்தில் உலாவினோம்.

பாரிசில் லா சப்பல் என்னும் பகுதி நம்மவர் கடைகள் நிறைந்தது. அதற்கு அண்மையில் எமது தமக்கையாரின் மகன் வசிக்கின்றார். போரினால் ஊரைவிட்டுச் சென்று, உணவகமொன்றின் சமையலறையில் இருபது ஆண்டுகளாக இரவுவேலை செய்பவர். வேலை முடிந்து வரும் வழியில் லூவரின் மதிலை நாடோறும் கடந்தும், இந்நகரத்து நூதனசாலை ஒன்றினுள்ளேனும் அவர் கால்வைத்ததில்லை. "அதெல்லாம் சுற்றுலா வாற ஆக்களுக்கு, மாமா" என்பார்.

ஞாயிறு காலை எஞ்சிய சில மணி நேரத்தை ஆசியக் கலைகளுக்குரிய கீமே நூதனசாலைக்கென வைத்திருந்தோம். அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. அந்நாளில் அங்கு எவர்க்கும் கட்டணம் இல்லை. அவரையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். தமிழ்நாட்டிலே 11 ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட நடராசர் வெண்கலத் திருவுருவம் ஒன்று அங்கே உண்டு. அதன்முன் வந்ததும் அவர் தம்மையறியாமலே பாதரட்சையைக் கழற்றக் குனிந்து, பின் இடம் நினைந்து நிமிர்ந்தார். நாம் கம்போசச் சிற்பங்களையெல்லாம் பார்த்துத் திரும்பி வந்தபோதும் அவர் அவ்விடத்திலேயே நின்றார்.

"இவர் இங்கை இருக்கிறார் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே, மாமா" என்றார். அதற்கு விடை கூற எம்மால் இயலவில்லை.

நான்கு நாட்களில் எட்டு இடங்களை நாம் பார்த்தோம். சீட்டின் விலைக்கு நட்டமில்லை. ஆயினும் பார்வை என்பதற்கு அளவுகோல் எண்ணிக்கை அன்று. சீட்டு வாயிலைத் திறந்துவிடும். அதற்கு மேல் அதனால் ஆவதொன்றில்லை. அன்றியும், வெளியூர்ப் பிரயாணியின் கையிலுள்ள சீட்டுக்கு முடிவுநேரம் குறித்திருப்பதால் அவன் ஓடிச்சென்றாவது பார்க்கின்றான். சொந்த நகரத்தில் வாழ்பவனுக்கோ அத்தகைய முடிவு கண்ணிற் படுவதில்லை. நாளைக்கு ஆகட்டும் என்று இருந்துவிடுகின்றான். கொழும்பிலே 1877 இல் திறக்கப்பட்ட நூதனசாலை நமக்கும் அண்மையில் இருக்கின்றது. அதனுட் கடைசியாக எப்பொழுது சென்றோம் என்பதை வாசகர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.