ஜேன் டெனிசனும் எங்கள் செய்தி அறையும்

துப்பறியும் கதைகள் மீது எனக்குச் சிறு வயதிலிருந்தே தீராத மோகம். ஷேர்லொக் ஹோம்ஸில் தொடங்கிய அந்தப் பழக்கம் ஐம்பதைத் தாண்டிய பின்னரும் விட்டபாடில்லை. ஆனால், இப்போதெல்லாம் ஹோம்ஸ் போன்ற மேதைகளைவிட, கோப்புகளோடும் மேலதிகாரிகளோடும் மல்லுக்கட்டியபடி வழக்கை நகர்த்தும் பெண் பொலிஸ் அதிகாரிகளே என்னைக் கவர்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதல்ல.

பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1991 இல் ஒளிபரப்பாகிய 'பிரைம் சஸ்பெக்ட்' தொடரை, தொண்ணூறுகளின் இறுதியில் நண்பர் ஒருவர் கொண்டுவந்த வீடியோ கசற்றில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எழுதியவர் லிண்டா லா பிளாண்ட். ஜேன் டெனிசன் என்ற அதிகாரியாக ஹெலன் மிரன் நடித்திருந்தார். லண்டன் பொலிஸில் உயர் பதவி வகித்த ஜக்கி மோல்ட்டன் என்ற பெண்ணின் அனுபவங்களே அந்தப் பாத்திரத்துக்கு ஆதாரமாயின.

கொலை வழக்கொன்றை விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரி மாரடைப்பால் இறந்துவிடுகிறார். அந்தப் பொறுப்பை டெனிசன் வற்புறுத்திக் கேட்டு வாங்குகிறார். இறந்தவரின் நண்பர்களான ஆண்கள் நிறைந்த அறைக்குள் அவர் நுழைகிறார். சார்ஜன்ட் பில் ஒட்லி முதல் நாளிலிருந்தே குழிபறிக்கத் தொடங்குகிறார். டெனிசன் முதலில் கண்டுபிடிப்பது கொலையாளியை அல்ல. கொல்லப்பட்டவள் யார் என்பதை. முன்னைய அதிகாரி சடலத்துக்குக் கொடுத்திருந்த பெயரே தவறானது. அறையிலிருந்த எவரும் அதைச் சரிபார்த்திருக்கவில்லை.

அந்தக் காட்சியோடு கசற்றை நிறுத்திவிட்டேன். நான் பார்த்தது லண்டன் பொலிஸ் நிலையத்தை அல்ல. எங்கள் செய்தி அறையை.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பத்திரிகையில் இளம்பெண்ணொருவர் நிருபராகச் சேர்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடன் சேர்ந்த ஆண் நிருபர்களை நாங்கள் பெயர் சொல்லி அழைத்தோம். அவரை மட்டும் 'பிள்ளை' என்றோம். பாசத்தோடு அழைப்பதாகவே நினைத்துக்கொண்டோம். மகளிர் பக்கமும் பாடசாலை விழாக்களும் அவருக்கு. பொலிஸும் நீதிமன்றமும் மற்றவர்களுக்கு.

ஒருநாள் வீதி விபத்தில் இறந்த பெண்ணொருவர் பற்றிய செய்தி வந்தது. அதை எழுத வேண்டிய நிருபர் விடுமுறையில் இருந்ததால் அவரை அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தவர், பொலிஸார் தந்த பெயரில் சந்தேகம் இருப்பதாகவும், இறந்தவருடன் விடுதியில் தங்கியிருந்த பெண் வேறொரு பெயரைச் சொன்னதாகவும் கூறினார். காலைவரை பொறுக்க முடியுமா என்று கேட்டார்.

"பிள்ளை, பொலிஸ் சொன்னதைப் போடும். மிச்சம் உமக்கு வேண்டாம்" என்றேன்.

மறுநாள் செய்தி வெளியானது. அதற்கடுத்த நாள், நாங்கள் வெளியிட்ட பெயருக்குரிய பெண்ணின் தகப்பனார் அலுவலகத்துக்கு வந்தார். மகள் உயிரோடு இருக்கிறாள். ஆனால், ஊரில் வீட்டுக்கு முன்னால் அயலவர்கள் கூடிவிட்டார்கள். உள்பக்கமொன்றில் நான்கு வரித் திருத்தம் வெளியிட்டோம். அந்த நிருபர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பின்னர் இத்தகைய பெண் அதிகாரிகளைத் தேடித்தேடிப் பார்த்தேன். 1996 இல் வெளியான 'ஃபார்கோ' படத்தில், ஏழு மாதக் கர்ப்பிணியான மார்ஜ் என்ற பொலிஸ் அதிகாரி, பனியில் பதிந்த காலடிகளை வைத்தே கொலை நடந்த விதத்தை விளங்கிக்கொள்கிறார். சக அதிகாரி ஒரு வாகன இலக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டபோது, அவர் மனம் நோகாமல் திருத்திவிட்டு உடனே ஒரு பகிடியும் சொல்கிறார். பிரான்செஸ் மெக்டோர்மண்டுக்கு ஒஸ்கார் விருது பெற்றுத் தந்த வேடம் அது. 2007 இல் வந்த டென்மார்க் தொடரான 'தி கில்லிங்' இல், கம்பளிச் சட்டையோடு அலையும் சேரா லுண்ட் சிரிப்பதே அபூர்வம். இருபது அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு ஒரு நாள் விசாரணை. கொல்லப்பட்ட மாணவியின் பெற்றோர் படும் துயரத்துக்கும் அத்தொடர் விசாரணைக்குச் சமமான இடம் தருகிறது.

கொலையாளி யார் என்ற கேள்வி எனக்கு இப்போது இரண்டாம்பட்சம். அந்த அறையில் யார் பேச்சுக்குக் காது கொடுக்கிறார்கள் என்பதையே கவனிக்கிறேன். நாம் எல்லோரும் டெனிசனின் பக்கம் நின்றுதான் அத்தொடரைப் பார்க்கிறோம். ஆனால், எங்கள் அறையில் நான் ஒட்லியாக இருந்தேன். ஒட்லிக்காவது அவரைப் பிடிக்காது என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. நானோ அன்பாகப் பேசியே அவர் வாயை அடைத்தேன்.

அந்த நிருபர் சில மாதங்களில் வேலையை விட்டு வெளிநாடு சென்றுவிட்டார். எங்கிருந்தேனும் இதை அவர் வாசிக்கக்கூடும். அன்று மாலை சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொன்னதுதான் சரி. காலைவரை பொறுத்திருக்கலாம்.