களிற்றின் மூச்சு

என் தந்தையார் மங்கலத்தில் முப்பத்தோராண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். நாடா இங்குமங்கும் மோதித் திரும்பும் பழைய தறிகள் இருபது ஒரே கூரையின் கீழ் ஓடினால் ஓசை 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அக்காலத்தில் அதை யாரும் அளந்ததில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டவனைக் கேலி செய்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உச்ச ஒலிகளில் தொடங்குவது. அடித்தொனிகள் நெடுநாள் தங்கியிருக்கும். தமிழ் நடத்துகிறவனுக்கு இது வேறுவிதமாகப் புரிகிறது. அவருக்கு உயிரெழுத்துகள் கேட்கின்றன, வல்லினம் கேட்பதில்லை. சட்டை, கட்டை, பட்டை மூன்றும் அவருக்கு ஒரே சொல்.

இந்தப் பின்னணியில் வளர்ந்தவனுக்கு உரத்த ஓசை மீது எத்தகைய மனநிலை இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோவில் திருவிழாவில் ஜமாப் மேளம் வந்தால் நான் அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன். ஆகவே அக்காள் மகன் ஒரு நாள் வந்து, "மாமா, ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கோணுமுங்க. நீங்க கூட வந்தாத்தான் அப்பா காசு குடுப்பாரு" என்றபோது எனக்கு ஏற்பட்டது சங்கடம்தான். அவன் ஒரு மெட்டல் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு மின்கிதார்கள், ஒரு டிரம்ஸ், அடித்தொண்டையில் உறுமுகிற ஒரு பாடகன், இவன். ஐவருக்கும் வீட்டில் நல்ல பெயர் இல்லை.

அவர்கள் பயிற்சி செய்யும் இடத்தைப் பார்க்கப் போனேன். ஆர்டர் குறைந்து மூடப்பட்ட ஒரு பனியன் கம்பெனியின் கிடங்கு அது. சுவரோரம் துணி உருளைகளையும் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளையும் ஆளுயரத்திற்கு அடுக்கியிருந்தார்கள். சத்தம் வெளியே போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. துணி உச்ச ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும், உண்மைதான். பேஸ் கிதாரின் தடித்த கம்பி திறந்த நிலையில் அதிர்வது 41 ஹெர்ட்ஸில். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். எட்டு மீட்டர் அலைக்குப் பனியன் மூட்டை ஒரு பொருட்டா? அது சுவரையும் தகரக் கூரையையும் சேர்த்து அதிரவைத்துவிட்டு வெளியே போகிறது. சிம்பலின் இரைச்சல் உள்ளே அடங்கிவிட, அடித்தொனி மட்டும் அண்டை வீட்டுக்காரரின் பாத்திர அலமாரிக்குப் போய்ச் சேர்கிறது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியை அந்த அண்டை வீட்டுக்காரர் மனப்பாடமாகச் சொன்னார். பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் கேட்ட பேஸ் கிதார் அந்த அறைக்குள் கேட்கவில்லை. அவன் விரல்கள் ஓடுவதைப் பார்த்தேன். எதை வாசிக்கிறான் என்று தெரியவில்லை. "இதுக்குத்தான் மாமா பெரிய ஆம்ப்" என்றான்.

அதன்பிறகு ஒரு மாதம் நான் படித்தது வகுப்புக்கு வேண்டிய எதையுமல்ல. ஒரே வலிமையில் ஒலித்தாலும் தாழ்ந்த சுரங்களை நம் காது குறைவாகவே கேட்கிறது என்பதை பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். கிதார்காரனின் நூறு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஈடுகொடுக்க பேஸ்காரனுக்கு முந்நூறு, ஐந்நூறு தேவைப்படுவது அதனால்தான். 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்து, அதற்குப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியையும் இணைத்தது. இன்றும் மெட்டல்காரர்களின் கனவு அதுவே. பெட்டி மட்டும் அறுபது கிலோவுக்கு மேல். அவன் அதன் படத்தைத்தான் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தான், வேறு பிள்ளைகள் நடிகையின் படம் வைப்பதுபோல.

ஆனால் வாட் என்ற எண்ணில் ஒரு மாயம் உண்டு. சக்தியை இரு மடங்காக்கினால் கூடுவது மூன்று டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஐந்நூறு வாட்டுக்கும் ஆயிரம் வாட்டுக்கும் விலையில் உள்ள தூரம் காதில் இல்லை. அதைவிட எத்தனை ஸ்பீக்கர், எத்தனை பரப்பு, கொடுத்த சக்தியை எவ்வளவு ஒலியாக மாற்றுகிறது என்பவைதாம் பேசும்.

எங்கள் பகுதியில் நாற்பதாண்டுகளாக மைக் செட் வைத்திருக்கும் ஒருவரிடம் அவனை அழைத்துப் போனேன். அவர் பெட்டிகளைத் தாமே செய்பவர். "பதினெட்டு இஞ்சு ஒண்ணு போட்டுக் குடுக்கறேனுங்க வாத்தியாரே, கல்யாண மண்டபமே ஆடும்" என்றார். பையன் பத்து அங்குலம் நான்கு கேட்டான். நான் தாளில் கணக்குப் போட்டேன். பதினெட்டின் வர்க்கம் 324. பத்தின் வர்க்கம் நான்கு முறை 400. சிறியவை நான்கு சேர்ந்து பெரியது ஒன்றைவிட அதிகக் காற்றைத் தள்ள இடமிருக்கிறது; நடு ஒலிகளும் தெளிவாக வரும். மைக் செட்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தமிழ் வாத்தியாருக்கு கணக்கும் வருதுங்களா" என்றார். பிறகு அவரே முன்னின்று, எட்டு ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து அவ்விரு இணைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் மீண்டும் எட்டு ஓமே வரும் என்று கரித்துண்டால் சுவரில் வரைந்து காட்டினார். நான்கு ஓமில் ஐந்நூறு வாட் தருவதாக எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயர் எட்டு ஓமில் முந்நூறு அளவில்தான் தரும் என்ற எச்சரிக்கையும் அவருடையதே. விற்பனைத் தாளில் அது சிறிய எழுத்தில் இருந்தது.

நடு ஒலி என்றேனே, சிக்கல் முழுவதும் அங்கேதான் இருந்தது. இளைஞர்கள் எல்லோரும் அடியையும் உச்சியையும் ஏற்றி நடுவை இறக்கிவிடுகிறார்கள். தனியாக வாசிக்கும்போது அது கம்பீரமாக இருக்கும். இரண்டு கிதார்கள் நுழைந்ததும் பேஸ் மறைந்துவிடும், ஏனெனில் காது சுரத்தை அடையாளம் காண்பது நடுப்பகுதியில். மெட்டாலிகாவின் 1988ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' இதற்குப் பெயர்போனது: நியூஸ்டெட் வாசித்த பேஸ் அதில் ஏறக்குறையக் கேட்பதே இல்லை, காரணம் கலவையில் குறைத்தது. மாறாக அயர்ன் மெய்டனில் ஸ்டீவ் ஹாரிஸின் இரு விரல் ஓட்டம் எவ்வளவு இரைச்சலிலும் தனித்துத் தெரியும். அவர்கள் 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது என் அறைத்தோழன் கோவையிலிருந்து இரயிலேறிப் போனான். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்றவனிடம் விடைத்தாள் திருத்த வேண்டும் என்று பொய் சொன்னேன். இதை மருமகனிடம் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அப்போது நான் வகுப்பில் மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தேன். நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்கள் தம் கருவிகளைப் பைகளில் கட்டிச் சுமந்து மலை ஏறுகிறார்கள். அவை பலாக் காய்களின் கொத்துப்போல் தொங்குகின்றன. முழவு, ஆகுளி, பாண்டில், பதலை என நீளும் அப்பட்டியலில் ஒன்று களிற்றுயிர்த் தூம்பு, யானை மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும் நெடுங்குழல். இத்தனை ஆண்டுகள் அதை ஓர் அருஞ்சொற்பொருளாகவே கடந்திருக்கிறேன். சத்தத்தை வெல்லும் சத்தமாக அல்லாமல், மற்றவற்றுக்கு அடியில் மூச்சாக இருக்கும் ஒன்றை அவர்களும் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள் என்பது அந்த வாரம்தான் உறைத்தது. சுமை பற்றிய கவலையும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

முடிவில் வாங்கியது மூன்று கிலோகூட இல்லாத ஒரு டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர். பெட்டியை மைக் செட்காரர் கனத்த பிளைவுட்டில், காற்றுத் துளையின்றி மூடிய வகையில் செய்தார். பணத்திற்கு நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: ஐந்து பேரும் காதடைப்பான் போட வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, மூன்று டெசிபல் ஏற ஏறப் பாதி நேரம்தான் தாங்கும். 100இல் பதினைந்து நிமிடம். "அது மெட்டலே இல்லீங்க மாமா" என்றான். பயிற்சி முடிந்து வீடு திரும்பினால் காதில் விடியும்வரை ரீங்காரம் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் மருந்துக்கடையில் ஐந்து ஜோடி வாங்கினான்.

முதல் நாள் பயிற்சிக்கு அப்பாவையும் அழைத்து வா என்று அக்காள் சொன்னாள். நான் தயங்கினேன். அவர் கிடங்கின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவொலியை நான் ஏற்றச் சொன்ன இடத்தில் திருகை வைத்து மருமகன் வாசித்தான். இம்முறை ஒவ்வொரு சுரமும் எனக்குக் கேட்டது. பாடகனின் உறுமலோ சிம்பலோ அப்பாவுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது பாட்டின் பாதியில் எழுந்துபோய்ப் பெட்டியின் பின்பலகையில் உள்ளங்கையை வைத்தார். தறி ஓடும்போது எந்தத் தண்டு தளர்ந்திருக்கிறது என்று அவர் அப்படித்தான் கண்டுபிடிப்பார்.

கையைக் காட்டி வாசிப்பை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க அப்புச்சி, சத்தம் அதிகமுங்களா?" என்று பேரன் அவர் காதருகே கத்தினான்.

"கீழ் வரிசையில மூணாவது திருகு லூசா இருக்குதடா. முடுக்கு" என்றார்.

திருப்புளி கொண்டுவரப்பட்டது. மூன்றாவது அல்ல, நான்காவது.